நானூறு வெள்ளியில் கடாரம்

"விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?" என்று நம் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். வீட்டில்தான் இருந்தேன், பகுதி நேர வேலை செய்தேன், குடும்பத்தோடு திருவிழாவுக்குப் போய் வந்தேன். மூன்றுமே நல்ல பதில்கள்தாம். ஆனால், "நானே திட்டம் போட்டு, என் சொந்தக் காசில், தனியாக ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்ற நான்காவது பதிலை நம்மவர்களிடம், குறிப்பாக நம் பெண்களிடம், நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

காரணம் கேட்டால் காசில்லை என்பார்கள். காசு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுவே முதல் காரணம் என்று நான் நம்பவில்லை. புதிய கைத்தொலைபேசிக்கு ஆயிரம் வெள்ளி சேர்க்கத் தெரிந்த நமக்கு, ஒரு பயணத்துக்கு நானூறு வெள்ளி சேர்க்கத் தெரியாதா? தனியாக முடிவெடுத்துப் பழக்கமில்லை என்பதே உண்மைக் காரணம். எங்கே போவது, எங்கே தங்குவது, எதற்குச் செலவழிப்பது, எதை விட்டுவிடுவது என்பதையெல்லாம் நமக்காக எப்போதும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். வீட்டில் அப்பா, கல்விச் சுற்றுலாவில் ஏற்பாட்டுக் குழு.

இருபத்திரண்டு வயதில் ஒருமுறையாவது இந்த முடிவுகளை நாமே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி எடுக்கும் முதல் பயணம் கெடாவை நோக்கியதாக இருக்கட்டும் என்பது என் பரிந்துரை.

குழுப் பயணம் போதாதா?

குழுப் பயணத்தை நான் குறை சொல்லவில்லை. பேருந்தில் பாடிக்கொண்டு போகும் மகிழ்ச்சி தனியாகப் போனால் கிடைக்காது. செலவும் பங்கிடப்படும். ஆனால் நாற்பது பேர் ஒரே பேருந்தில் போகும்போது, ஓர் இடத்தில் நாற்பது நிமிடம்தான் நிற்க முடியும். அதில் பத்து நிமிடம் கழிவறைக்கு, பத்து நிமிடம் பதாகையைப் பிடித்துப் படம் எடுக்க, மீதி நேரம் யாரையாவது தேட! கண்காட்சிப் பெட்டியின் அருகே எழுதி வைத்திருப்பதைப் படிக்கக் குனிந்தால், "சீக்கிரம் வா, பேருந்து கிளம்பப் போகுது!" என்று குரல் வந்துவிடும்.

தனியாகப் போகிறவருக்கு அந்தக் குரல் இல்லை. ஒரு கல்லின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் கேட்பாரில்லை.

மூன்றும் ஒரே இடத்தில்

பண்பாடு, உணவு, இயற்கை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும். செலவும் குறைய வேண்டும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். கோயிலுக்கு ஒரு நாள், அருவிக்கு ஒரு நாள், சாப்பாட்டுக்கு ஒரு நாள் என்று பிரிக்கக் கூடாது. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் இடங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயணத்தில் காசைத் தின்பது நுழைவுக் கட்டணமோ சாப்பாடோ அல்ல. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வண்டிதான். நண்பர்களோடு போனால் வண்டிக் காசை நான்காகப் பங்கிடலாம். தனியாகப் போகிறவர் முழுவதையும் தாமே கட்ட வேண்டும். ஆகவே, அலைச்சலைக் குறைத்தால் செலவு தானாகக் குறையும்.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்ததில் அப்படிப்பட்ட மூன்று இடங்கள் வட மாநிலங்களில் ஒரே கோட்டில் கிடைத்தன. கெடாவில் மெர்போக், பெருநிலத்துப் பினாங்கில் புக்கிட் மெர்தாஜாம், தீவில் தண்ணீர்மலை. சுங்கை பட்டாணியிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் இரயில் ஓடுகிறது. அங்கிருந்து படகு. மூன்று நாள், இரண்டு இரவு.

இரண்டு பள்ளிகள் சந்தித்த இடம்

நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். தமிழ்ப்பள்ளிக் கலைநிகழ்ச்சிகளில் அட்டைக் கிரீடம் வைத்த இராஜேந்திர சோழன் ஆண்டுதோறும் கடாரத்தை வெல்வான். நாங்கள் கைதட்டுவோம். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் 'கெடா துவா' என்ற பழைய அரசைப் பற்றி மலாய் மொழியில் படித்தோம், தேர்வில் எழுதினோம். முதலாவது வீரக்கதை, இரண்டாவது தேர்வுக் கேள்வி. இரண்டும் ஒரே மண்ணைப் பற்றியவை என்று எந்த வகுப்பறையிலும் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடிய இடம் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், செமெலிங் வழியாகப் போகலாம். ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் அக்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்குக் கரையைக் காட்டிய அடையாளம். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், மாலுமிகள் ஏன் இந்தக் கரையைத் தேடி வந்தார்கள் என்பது பாடப்புத்தகம் இல்லாமலே விளங்குகிறது.

அருங்காட்சியக வளாகத்திலேயே புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. பழைய கோயில் கட்டடத்தை மலாய் மொழியில் சண்டி என்பார்கள். கருங்கல் அடித்தளம், விமானம் இருந்த பகுதி, அதன் முன்னால் மண்டபம் இருந்த பகுதி, தூண்களைத் தாங்கிய வட்டமான கற்கள். கூரை மரத்தால் ஆனதாக இருந்திருக்க வேண்டும், அது மிஞ்சவில்லை. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவியும் இப்பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது இடங்களை எண்ணிட்டுப் பதிவு செய்தார்கள். இந்தச் சண்டி 1960ஆம் ஆண்டு வாக்கில் சீரமைக்கப்பட்டது. வேறு சில சண்டிகளைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து இதே வளாகத்தில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

சண்டியின் பக்கத்திலேயே பாறைகளின் மேல் ஓடை சலசலத்து ஓடுகிறது. மலாய்க் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடினார்கள். நானும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பண்பாடும் இயற்கையும் இருபது அடி தூரத்தில்! திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் கெடா லக்சா. மீன் குழம்பு ஊற்றிய அரிசி மீ, வயிறு நிறைந்தது.

உள்ளே இருக்கும் கண்காட்சிப் பெட்டிகளைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சீனப் பீங்கான் துண்டுகள், மேற்காசியக் கண்ணாடி, மணிகள், சிலைகள். மேடைப் பேச்சாளர்கள் சிலர் முழங்குவதுபோல், இங்குள்ளவை எல்லாம் சோழன் கட்டியவை அல்ல. 1025ஆம் ஆண்டுச் சோழப் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு வணிகம் நடந்திருக்கிறது. சைவத்தின் தடயமும் இருக்கிறது. பௌத்தத்தின் தடயமும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகம் என்ற இடத்தையும் குறிப்பிடுகிறது. அது கடாரமே என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் விளக்கம். அப்படியானால் நமக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு போரில் தொடங்கியதன்று, வணிகத்தில் தொடங்கியது. அட்டைக் கிரீடத்தை விட இந்த உண்மை எனக்குப் பெருமையாக இருக்கிறது. யாரையும் தோற்கடிக்காத பெருமை!

பக்கத்தில் சுங்கை பத்து. அங்கே 2000களின் இறுதியிலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டி, இரும்பு உருக்கிய தடயங்களை வெளிக்கொணர்ந்தார்கள். 2023ஆம் ஆண்டில் புக்கிட் சோராஸில் சுதைச் சிலைகள் கிடைத்தன. இன்னும் மண்ணுக்குள் எவ்வளவோ இருக்கிறது.

ஆனால் கிடைப்பதெல்லாம் நிலைப்பதில்லை. வேல்ஸ் பதிவு செய்த சண்டிகளில் 11ஆம் எண் கொண்டது தனியார் நிலத்தில் இருந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அது இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து நாடே பேசியது. அந்த வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. கடாரம் கடாரம் என்று மேடையில் நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! இடிபடுவதற்கு முன் அந்தச் சண்டியைப் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பார்க்க ஆளில்லாத இடத்தைக் காப்பாற்றவும் ஆளிருக்காது. நாம் போவது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

கல்வெட்டும் காடும், படிக்கட்டும் பூங்காவும்

இரண்டாம் நாள் காலை கொமுட்டரில் ஏறினால் அரை மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாம். அங்குள்ள செயின்ட் ஆன்ஸ் தேவாலயத்தை நம்மவர்கள் அறிவார்கள். ஜூலை மாதத் திருவிழாவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நாடெங்கிலுமிருந்து வருவார்கள். ஆனால் அதே வளாகத்தில், செரோக் தொக்குன் கல்வெட்டு என்ற பழைய பாறை ஒன்று கூரையின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது. பல்லவ எழுத்து வகையில் அமைந்த சமஸ்கிருதக் கல்வெட்டு அது. தேவாலயத் தோட்டத்தில் பழங்காலக் கல்வெட்டு! பக்கத்திலேயே மலையேறுவோர் வரும் பொழுதுபோக்குக் காடு. காலையில் முதியவர்கள் கைத்தடியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு இறங்கி, கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பசியாறினேன்.

மாலைக்குள் ஜார்ஜ்டவுன். பாதிப் பணம் மிச்சமாகும் ஊர் அது. எல்லாம் நடக்கும் தூரம். 1801இல் இந்திய முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் நான்கையும் அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது சும்மாவா?

இரவு நாசி கண்டார். தோளில் காவடிபோல் கம்பு வைத்து, இரு பக்கமும் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. கண்டார் என்பது அந்தச் சுமைக் கம்பு. குறைந்த செலவில் பயணம் போகிறவருக்கு ஒரு சொல்: தட்டில் வைப்பதற்கு முன்னரே விலையைக் கேளுங்கள். கோழியும் வெண்டைக்காயும் போதும். குழம்பு மட்டும் 'பாஞ்சிர்', அதாவது வெள்ளமாக ஊற்றச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் காசில்லை!

மூன்றாம் நாள் விடியற்காலை தண்ணீர்மலை. 513 படிகள். தைப்பூசத்தன்று கூட்டம் நம்மை மேலே தள்ளிக்கொண்டு போய்விடும். படியை எண்ண முடியாது. சாதாரண நாளில் ஏறினால்தான் மலையும் தெரியும், கீழே நகரமும் தெரியும். இறங்கி வந்து கொஞ்சம் நடந்தால் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. மதியம் படகேறி, மூன்று மணிக்குப் பேருந்து பிடித்தால் இரவு வீட்டில் இருக்கலாம்.

கணக்கு

பயணக் கட்டுரை எழுதுபவர்கள் பொதுவாகக் கணக்குச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

போக வரப் பேருந்து 85 வெள்ளி. முதல் இரவு சுங்கை பட்டாணியில் சிறு தங்கும் விடுதி 70, மறு இரவு ஜார்ஜ்டவுனில் பெண்களுக்கான பொது அறையில் ஒரு கட்டில் 40, ஆக 110. மெர்போக்குக்குப் போய் வர வண்டி 70. கொமுட்டர், படகு, நகரப் பேருந்து, புக்கிட் மெர்தாஜாமில் கிராப் எல்லாம் சேர்த்து 30. சாப்பாடு நாளுக்கு 25 என மூன்று நாளுக்கு 75. மொத்தம் 370 வெள்ளி. மீதி 30 அவசரத்துக்கு, அதைத் தொடவில்லை. கல்விக் கடனிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. இரண்டு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை பாடம் சொல்லிக் கொடுத்து, வாரம் 50 வெள்ளி என்று எட்டு வாரம் சேர்த்தேன்.

கவனித்தீர்களா? மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெர்போக் வண்டிக்கே போய்விட்டது. கிராப் எடுத்துப் போவது எளிது. அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பதுதான் கடினம். அதனால் போகும்போதே ஓட்டுநரிடம் பேசி, ஐந்து மணிக்குத் திரும்பி வந்து அழைத்துப் போகச் சொல்லிவிட வேண்டும். என்னை அழைத்துச் சென்ற பாக் சிக், சிறு வயதில் அந்த ஓடையில் குளித்த கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார்.

இன்னொன்று. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். நான் ஞாயிறு கிளம்பிச் செவ்வாய் திரும்பினேன். கூட்டம் குறைவு, அறையும் மலிவு.

"யாரு கூட போற?"

இனி, பெண்களுக்கான கேள்விக்கு வருகிறேன். அண்ணன் தனியாக வெளியூர் கிளம்பினால் வீட்டில், "பாத்துப் போய்ட்டு வா" என்பார்கள். நான் கிளம்பினால், "யாரு கூட போற?" என்பதுதான் முதல் கேள்வி. யாரும் இல்லை என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு 'முடியாது' என்று பொருள்.

நான் சண்டை போடவில்லை. மறுநாள் ஒரு தாளை மேசைமேல் வைத்தேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஊரில், எந்த விடுதியில் இருப்பேன், விடுதியின் தொலைபேசி எண், எந்தப் பேருந்து, எவ்வளவு காசு, எல்லாம் இருந்தன. இரவுப் பேருந்து கிடையாது. இருட்டுவதற்கு முன் அறைக்குப் போய்விடுவேன். காட்டுக்குள் ஆளில்லாத பாதையில் நடக்க மாட்டேன். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் செய்தி அனுப்புவேன் என்றும் எழுதியிருந்தேன். அப்பா இரண்டு நாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுங்கை பட்டாணியில எறங்குனதும் போன் பண்ணு" என்றார். அவ்வளவுதான்.

ஒரு தாள் எல்லா ஆபத்தையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெற்றோரின் அச்சம் காரணமில்லாததும் அல்ல. ஆனால் அவர்கள் அஞ்சுவது நாம் போவதற்கல்ல; நாம் யோசிக்காமல் போவதற்கு. "என்னை நம்புங்கள்" என்று வாயால் கேட்பதைவிட, நம்புவதற்கு ஏதுவாக ஒன்றைக் கையில் கொடுப்பது மேல். அதோடு, இப்படிப்பட்ட தாளை மகன்களிடமும் கேட்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். விபத்து ஆண், பெண் பார்த்து வருவதில்லையே!

நண்பர்களே, அடுத்த பருவ விடுமுறைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மெர்போக்தான் வேண்டுமென்பதில்லை. சுவடும் சோறும் பச்சையும் ஒன்றாகக் கிடைக்கும் ஓர் ஊர் உங்களுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும். நாள், நேரம், காசு என்று மூன்று பத்திகள் போடுங்கள். கையிருப்பை மீறினால் இடத்தைக் குறையுங்கள். ஆசையைக் குறைக்க வேண்டாம். எழுதி முடித்ததும் வீட்டில் காட்டுங்கள்.

போய் வந்த பிறகு, கடாரத்தைப் பற்றி யாராவது மேடையில் முழங்கும்போது நீங்களும் கைதட்டலாம். ஆனால் அப்போது உங்களுக்கு அந்த ஓடையின் குளிர்ச்சியும் தெரிந்திருக்கும். 11ஆம் எண் சண்டி இப்போது இல்லை என்பதும் தெரிந்திருக்கும்.